பழுது நீங்கியது, தபால் எங்கே?

விசைத்தறி நின்று போனால் வெள்ளகோவிலில் யாரும் கலங்குவதில்லை. ஃபிட்டருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அவர் வந்து, தறியின் சப்தத்தைச் சற்றுக் கேட்டு, தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றி, எண்ணெய் விட்டு, கூலியை வாங்கிக் கொண்டு போய்விடுகிறார். தறியில் ஏற்றிய பாவு ஏற்றியபடியே இருக்கிறது. பாதி நெய்த துணி அந்தப் பாதியிலிருந்தே மேலே நெய்யப்படுகிறது. தறியைச் சரி செய்வதற்காகப் பாவை அறுத்து எறிந்துவிட்டேன் என்று எந்த ஃபிட்டராவது சொல்வாரானால், அவர் காங்கயத்துக்கு மேற்கேயோ கரூருக்குக் கிழக்கேயோ சென்றுதான் பிழைத்துக் கொள்ள வேண்டியிருக்கும்.

கம்ப்யூட்டர் வைத்தியத்தின் சம்பிரதாயம் வேறு. பெட்டி மெதுவாக நடக்கிறது என்றோ, நீலத் திரை காட்டிவிட்டு நின்று போகிறது என்றோ சொல்லிக் கடையில் கொடுக்கிறோம். மறுநாள் பெட்டி வீடு வந்து சேருகிறது. பொத்தானை அமுக்கியவுடன் எழுந்து நிற்கிறது. ‘‘புதுப் பொட்டி மாதிரி ஓடுதுங்க’’ என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது முழு உண்மை. புதுப் பெட்டிக்குப் பழைய வீட்டுக்காரரைத் தெரியாது என்பது மட்டுந்தான் அதில் உள்ள சங்கடம்.

கடைக்காரர்கள் பேரில் குற்றம் சொல்வது நமது நோக்கமன்று. அவர்களில் பெரும்பாலோர் ஜாக்கிரதையானவர்களே. விண்டோஸை அழித்துத் திரும்ப ஏற்றுவதற்கு முன், முகப்புத் திரையில் உள்ளவை, ஆவணங்கள், புகைப்படங்கள், கடைக் கணக்கு எல்லாவற்றையும் தனியே பிரதி எடுத்து வைத்துக் கொள்கிறார்கள். தபால் இந்த நான்கிலும் சேராதது. மின்தபாலைக் கையாளும் புரோகிராம்கள் பல, தங்கள் கடிதங்களையும் ஏற்பாடுகளையும் ‘ஆப்டேட்டா’ என்னும் அறையில் வைத்துக் கொள்கின்றன. விண்டோஸ் அந்த அறையைச் சாதாரணமாகக் கண்ணில் காட்டுவதில்லை. கை தவறிப் பட்டு அழிந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் மறைத்து வைத்தார்கள். திருடனுக்குப் பயந்து ஒளித்த நகை, வீடு மாற்றுகிற அன்று வீட்டுக்காரிக்கே நினைவு வராமல் போனது போல, அந்த மறைவே தபாலுக்கு எமனாகிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மின்தபாலைப் பெறுவதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று ‘பாப்’ எனப்படுவது. 1984-ல் முதல் வடிவம் பெற்றது. தபாலாபீஸுக்குப் போய், நமக்கு வந்த கடிதங்களை வாங்கிக் கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவதற்கு இது சமானம். பல பேருடைய ஏற்பாட்டில், கடிதம் வீட்டுக்கு வந்த பின் தபாலாபீஸில் அதன் பிரதி இராது. மற்றொன்று ‘ஐமேப்’, 1986-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் மார்க் கிரிஸ்பின் என்பவர் வகுத்தது. இதில் கடிதங்கள் தபாலாபீஸிலேயே இருக்கும். நாம் அங்கே போய் வாசித்துவிட்டு, வேண்டுமானால் ஒரு பிரதியை மட்டும் கொண்டு வருவோம். டெலிபோன் கம்பி வழியாக நிமிஷக் கணக்கில் காசு கொடுத்து இணையத்தில் ஏறிய நாட்களில் முதல் வழக்கமே எல்லோருக்கும் ஒத்து வந்தது. சட்டென்று உள்ளே போய், கடிதங்களை அள்ளிக் கொண்டு, கம்பியை அறுத்துவிட்டு, சாவகாசமாக வாசிக்கலாம். நம் நாட்டில் பொது ஜனங்களுக்கு இணையம் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி, விதேஷ் சஞ்சார் நிகம் மூலமாக. அந்தச் சுதந்திர தினத்திலிருந்து சுமார் பத்துப் பன்னிரண்டு வருஷ காலத்துக் கடிதங்கள், அநேக வீடுகளில், வீட்டுப் பெட்டியைத் தவிர வேறெங்கும் இல்லை.

இப்படிப்பட்ட ஒரு வீடு நமக்குத் தெரியும். வெள்ளகோவிலில் பத்துத் தறி ஓடுகிற வீடு. மூத்த பிள்ளை 1999-ல் சிங்கப்பூருக்குக் கப்பல் கட்டும் வேலைக்குப் போனார். 2001-லிருந்து வாரம் ஒரு கடிதம், தமிழில், தம்பியின் பெயருக்கு எழுதுவார். ஆனால் கடிதம் தாயாருக்குத்தான். மழை பெய்ததா, எருமை கன்று போட்டதா, வீரக்குமார சாமி கோவில் தேருக்கு யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் கேட்டிருப்பார். 2008-ல் அவர் அங்கேயே காலமானார். அதற்குப் பிறகு அந்தக் கடிதங்களைப் பேத்தி வாசிப்பதும் தாயார் கேட்பதும் அந்த வீட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. அமாவாசை தவறுவதில்லை.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனியார் தந்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதல்லவா? அதையொட்டி ஊரெல்லாம் பெட்டிகளைக் கடைக்குத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள். இந்த வீட்டுப் பெட்டியும் போயிற்று, திரும்பியும் வந்தது. கடைக்காரர் ஜிமெயில் கணக்கைப் புதிதாகச் சேர்த்துக் கொடுத்திருந்தார். சேர்த்த மாத்திரத்தில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் மளமளவென்று இறங்கின. நூல் கடைக்காரர், துணி வியாபாரி, பாங்கி, மின்சார வாரியம் எல்லோரும் ஆஜர். ‘‘மெயில் பூராவும் வந்துருச்சுங்க’’ என்று சொல்லிவிட்டு அவர் போனார். வந்தவை ஐமேப் வழக்கப்படி கூகிளிடம் இருந்தவை. 2009-க்கு முந்திய ஒன்றும் வரவில்லை என்பதை, நான்கு நாள் கழித்து அமாவாசை வந்த போதுதான் வீட்டார் அறிந்தார்கள்.

‘‘பெரியவன் காயிதமெல்லாம் போயிருச்சாங் கண்ணு?’’ என்று அந்த அம்மாள் பேத்தியைக் கேட்டாராம். ‘‘இல்லீங்க ஆத்தா, எங்கயோ இருக்குது, தேடிப் பாக்கோணும்’’ என்றாளாம் பெண். அவள் நம்மிடம் படித்தவள். நேரே நமது வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நாம் சொன்ன முதல் யோசனை, பெட்டியை உடனே அணைக்கும்படி. அழிந்ததாகச் சொல்லப்படும் கடிதம் சாதாரண ஹார்டு டிஸ்கில் அந்தக் கணமே மறைந்து போவதில்லை. அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரையில் மீட்பதற்கு வழி உண்டு. ஆகையால் தேடுகிறேன் என்று புதுப் புதுப் புரோகிராம்களை ஏற்றுவது, பல் விழுந்த இடத்தைத் தேடுகிறவன் தரையைப் பெருக்கிக் கொண்டே போவதற்கு ஒப்பாகும்.

பிறகு டிஸ்கைக் கழற்றி வேறொரு பெட்டியோடு இணைத்துப் பார்த்ததில், அதிருஷ்டம் அந்த வீட்டார் பக்கம் இருந்தது தெரிந்தது. கடைக்காரர் டிஸ்கை ஃபார்மட் செய்யவில்லை. பழையதன் மேலேயே புது விண்டோஸை ஏற்றியிருக்கிறார். அப்படி ஏற்றினால் பழைய விண்டோஸும், பழைய வீட்டுக்காரரின் சொத்துக்களும் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கிடங்கில் மூட்டை கட்டி வைக்கப்படும். ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாற்றுகிற சந்தர்ப்பங்களில் இந்த மூட்டையைப் பத்து நாளில் விண்டோஸ் தானே எறிந்துவிடுவது வழக்கம். சுத்தம் செய்கிறேன் என்று நாமே எறிந்துவிடுவதும் உண்டு. பழுது பார்த்த பெட்டி கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கிடங்குதான். அதற்குள் ‘யூஸர்ஸ்’, அதற்குள் பழைய பெயர், அதற்குள் ‘ஆப்டேட்டா’, அதற்குள் ‘ரோமிங்’. அங்கே ‘தண்டர்பேர்டு’ என்று ஓர் அறை இருந்தது.

தண்டர்பேர்டு என்பது மின்தபால் புரோகிராம். 2004 டிசம்பர் 7-ஆம் தேதி முதற்பதிப்பு வெளிவந்தது. விலை கிடையாது. அதன் உள்ளமைப்பை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். இந்த வீட்டில் எக்ஸ்பி காலத்தில் இருந்தது அவுட்லுக் எக்ஸ்பிரஸ். விண்டோஸ் 7-ல் அந்தப் புரோகிராம் கிடையாது என்று கண்டபோது, யாரோ ஒரு புண்ணியவான் பழைய கடிதங்களையெல்லாம் தண்டர்பேர்டுக்குள் மாற்றி, ‘உள்ளூர் அறை’யில் போட்டு வைத்திருக்கிறார். அவர் யாரென்று வீட்டாருக்கே ஞாபகமில்லை. நன்றாயிருக்கட்டும்.

இந்தப் புரோகிராமில் நமக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. ஒரு மனிதருடைய கணக்கு, கடிதம், விலாசப் புஸ்தகம், விருப்பு வெறுப்பு யாவும் ‘புரொஃபைல்’ எனப்படும் ஒரே பையில் அடங்கிவிடும். பையின் பெயர் பொருளில்லாத எட்டு எழுத்துக்களும் ஒரு புள்ளியும் கொண்டு ஆரம்பிக்கும். கண்டு மிரள வேண்டாம். உள்ளே ‘பிரெஃப்ஸ்.ஜேஎஸ்’ என்பது ஏற்பாடுகளின் ஜாபிதா. பாஸ்வேர்டுகள் ஒரு கோப்பிலும் அவற்றைத் திறக்கும் சாவி இன்னொரு கோப்பிலும் இருப்பதால், ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டால் பயனில்லை. ஐமேப் கடிதங்கள் ஓர் அறை, பாப் கடிதங்களும் உள்ளூர்க் கடிதங்களும் மற்றோர் அறை. முழுப் பையையும் அப்படியே தூக்கிக் கொண்டு வருவதே உத்தமம். கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்குகிறவர்கள் எதையாவது விட்டுவிடுகிறார்கள்.

செய்ய வேண்டிய முறை சிக்கலானதன்று. பழைய பையை முதலில் வேறோரிடத்தில் பிரதி எடுத்துக் கொள்ள வேண்டும். மூலத்தைத் தொடக் கூடாது. புதுப் பெட்டியில் தண்டர்பேர்டை ஏற்றி, ஒரு தடவை திறந்து மூடினால், அது தனக்கென்று காலிப் பை ஒன்றைத் தைத்துக் கொள்ளும். உதவி என்ற பகுதியில், கோளாறு பற்றிய விவரம் காட்டும் பக்கத்திலிருந்தே அந்தப் பை எங்கே இருக்கிறதென்று திறந்து பார்க்கலாம். புரோகிராமை நன்றாக மூடிவிட்டு, காலிப் பைக்குள் இருப்பதை நீக்கி, பழையதில் உள்ளதை முழுவதும் அதில் நிரப்ப வேண்டும். புது பாத்திரத்தில் பழைய குழம்பு. புதிதாக ஏற்றிய தண்டர்பேர்டு பழையதைக் காட்டிலும் முந்திய பதிப்பாக மட்டும் இருக்கக் கூடாது. இருந்தால், இந்தப் பை எனக்கு மேற்பட்டது என்று சொல்லித் திறக்க மறுத்துவிடும். அப்போது நவீனப் பதிப்பை ஏற்றினால் போதும்.

ஜிமெயில்காரர்கள் வேறொரு தடையைச் சந்திப்பார்கள். தனி நபர் கணக்குகளுக்கு, வெறும் பாஸ்வேர்டை வாங்கிக் கொண்டு உள்ளே விடும் பழைய முறையை 2022 மே 30-ஆம் தேதியோடு கூகிள் நிறுத்திவிட்டது. அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16-ல் மைக்ரோசாப்டும் அவ்விதமே செய்தது. ஆகவே ஏற்பாடுகள் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லையென்றால், ‘உறுதி செய்யும் முறை’ என்ற இடத்தில் ‘ஓஆத்2’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூகிளின் சொந்த ஜன்னல் திறக்கும். அங்கே பாஸ்வேர்டைக் கொடுத்துச் சம்மதம் தெரிவித்தால் வேலை முடிந்தது. இதை அறியாமல் பாஸ்வேர்டைப் பத்துத் தடவை மாற்றியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நமது வீட்டுக் கதைக்கு வருவோம். பையை நிரப்பித் திறந்தோம். ‘சிங்கப்பூர்’ என்ற பெயருள்ள அறை தென்பட்டது. அதைத் திறந்தால் ஒரு கடிதமும் இல்லை! பேத்தியின் முகம் வாடிற்று. ஆனால் டிஸ்கில் பார்த்தால் அந்தக் கோப்பின் கனம் குறையவில்லை. சமாசாரம் என்னவென்றால், தண்டர்பேர்டு ஓர் அறையின் கடிதங்கள் யாவற்றையும் ஒரே நீளமான கோப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வைக்கிறது. ‘எம்பாக்ஸ்’ என்று இதற்குப் பெயர். அதற்குப் பக்கத்தில் ‘எம்எஸ்எஃப்’ என்று முடியும் சிறு கோப்பு ஒன்று பொருளடக்கமாக இருக்கிறது. புஸ்தகம் நன்றாக இருந்தும் பொருளடக்கம் கிழிந்து போனால் ஒன்றும் இல்லாதது போலத் தோன்றும். அறையின் பெயர் மீது வலப்பொத்தானை அமுக்கி, அதன் குணங்களைக் காட்டும் பக்கத்தில் ‘பழுது பார்’ என்றால், புஸ்தகத்தை முதலிலிருந்து படித்துப் பொருளடக்கத்தைப் புதிதாக எழுதிக் கொள்கிறது. முந்நூற்றுச் சொச்சம் கடிதங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ‘வெள்ளகோவில், ஈரோடு ஜில்லா’ என்ற விலாசம் இருந்திருக்க வேண்டும். 2009-ல் திருப்பூர் ஜில்லா பிறப்பதற்கு முன் எழுதியவை அல்லவா? இருந்திருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம், ஒரு வரியையும் வாசிக்க முடியவில்லை. திரை முழுவதும் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகளும் பவுன் அடையாளமுமாக எறும்பு ஊர்ந்தது.

தமிழர்களுக்கென்றே அமைந்த பழுது இது. இங்கிலீஷ்காரனுக்கு எழுத்துப் பெட்டியில் 128 குழி போதும். தொடக்க காலத்துக் கம்ப்யூட்டரில் மொத்தம் 256 குழி. மிகுந்த 128-ல் ஐரோப்பிய மொழிகளின் குறிகளை மேனாட்டார் வைத்திருந்தார்கள். அந்தக் குழிகளில் தமிழ் எழுத்துக்களைக் குடியேற்றி நம்மவர்கள் காரியம் பார்த்தார்கள். ஆனால் ஆளுக்கொரு விதமாகக் குடியேற்றினார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உலகத் தமிழர்கள் கூடிப் பேசி வகுத்த ஏற்பாடுகளில் ஒன்று ‘திஸ்கி’. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மகாநாட்டை ஒட்டி ‘டாம்’, ‘டாப்’ என்று வேறு இரண்டும் தோன்றின. மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய ‘முரசு அஞ்சல்’ என்ற புரோகிராம் கடல் கடந்த தமிழர்களிடையே பிரபலம். சிங்கப்பூரில் இருந்த பிள்ளை அதைக் கொண்டு திஸ்கியில் எழுதியிருக்கிறார். பழைய பெட்டியில் திஸ்கி எழுத்துரு இருந்தது. கடையில் அதுவும் போய்விட்டது. எழுத்துரு போனவுடன் குழிகளில் பழைய ஐரோப்பியக் குடிகள் திரும்பி வந்து உட்கார்ந்து கொண்டார்கள்.

கடிதத்திலுள்ள எண்கள் கெடவில்லை என்பதே ஆறுதல். எழுத்துருவை ஏற்றி வாசிக்கலாம். ஆனால் அடுத்த பழுதில் இதே துன்பம் வரும். ஆகையால் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நலம். சென்னை நியூ ஹொரைஸன் மீடியா நிறுவனத்தார் வெளியிட்ட ‘என்எச்எம் கன்வர்ட்டர்’ போன்ற கருவிகள் இதைச் செய்கின்றன. இதில் ஒரு ரசமான விஷயம். திஸ்கியில் ‘கொ’ என்ற எழுத்து, அச்சுக் கோப்பவர் கோப்பது போலக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ‘க’, கால் என்று மூன்று எண்களாக நிற்கும். யூனிகோடிலோ, நாம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பது போல முதலில் மெய்யேறிய எழுத்து, பிறகு அதன் உயிர்க்குறி. மாற்றும் கருவி எண்களை மாற்றுவதோடு வரிசையையும் மாற்றியாக வேண்டும். தமிழக சர்க்கார் 2010-ல் யூனிகோடை அங்கீகரித்த பின், இந்தத் தொல்லை புதுக் கடிதங்களுக்கு இல்லை. பழையவை அவரவர் வீட்டில் காத்திருக்கின்றன.

நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 2011 பிப்ரவரி 27-ஆம் தேதி, ஜிமெயில்காரர்களில் ஒரு சிலர் காலையில் பெட்டியைத் திறந்தபோது அது காலியாக இருந்தது. மொத்தத்தில் 0.02 சதவிகிதத்துக்கும் குறைவு என்று கூகிள் கம்பெனியார் அறிவித்தார்கள். ஆனால் அந்தச் சொற்ப பேருக்கு அது நூறு சதவிகிதம். கடிதங்களைச் சேமித்து வைக்கும் புரோகிராமில் செய்த ஒரு சீர்திருத்தமே கோளாறுக்குக் காரணம். பல ஊர்களில் பல பிரதிகள் வைத்திருந்தும், கோளாறு அத்தனை பிரதிகளையும் தொட்டுவிட்டது. கடைசியில் கை கொடுத்தது காந்த நாடா! இணைப்பிலிருந்து விலகி இருந்ததால் அதைக் கோளாறு எட்டவில்லை. ஒரு நிமிஷத்தில் நடக்க வேண்டிய வேலைக்கு நாட்கணக்கு ஆயிற்று, ஆனால் கடிதங்கள் திரும்பி வந்தன.

நம் சர்க்காரும் இப்போது வீடு மாறியிருக்கிறார்கள். பிரதம மந்திரியின் காரியாலயம் உட்பட மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் சுமார் 12 லட்சம் பேருடைய மின்தபால், ஸோஹோ நிறுவனத்தின் ஏற்பாட்டுக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் பத்திரிகைகளில் வெளியாயிற்று. 1996-ல் தோன்றி, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் காரியாலயம் நடத்தும் தமிழ்நாட்டு நிறுவனம் அது என்பதில் நமக்கு மிகுந்த பெருமை உண்டு. அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இருந்த திருப்பூரை அடுத்து வசிக்கும் நாம் சுதேசிக்கு எதிராகப் பேசுவோமா? ஆயினும் சுதேசியானாலும் விதேசியானாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக் கொள்வது அவசியம்: நமது கடிதங்கள் முழுவதையும், வேறு யாரும் திறக்கக் கூடிய உருவத்தில், நாம் கேட்டபோது எடுத்துக் கொள்ள முடியுமா? ஜிமெயிலிலிருந்து ‘டேக்அவுட்’ என்ற ஏற்பாட்டின் மூலம் எம்பாக்ஸ் கோப்பாகவே வாங்கலாம். கதர் வாங்கினால் மட்டும் போதாது, கிழிந்தால் தைக்கவும் தெரிய வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். இல்லை, அவர்கள் சொல்லாவிட்டாலும் நாம் சொல்கிறோம்.

முத்தூரிலிருந்து ஒரு வாசகர், புரொஃபைல் பையைப் பென் டிரைவில் பிரதி எடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறார். எடுக்கலாம், புரோகிராமை மூடிவிட்டு எடுக்க வேண்டும், திறந்திருக்கும்போது எடுத்தால் பிரதி அரைகுறையாக அமையக் கூடும். தண்டர்பேர்டின் 102-ஆம் பதிப்பு முதல், கருவிகள் பகுதியில் ஏற்றுமதி செய்ய ஒரு வழி இருக்கிறது. பை 2 ஜிபிக்கு மேற்பட்டதானால் அது உதவாது, கையால்தான் பிரதி எடுக்க வேண்டும். ஒரு பென் டிரைவை மட்டும் நம்புவது ஒற்றைக் கயிற்றில் கிணற்றில் இறங்குவது; இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். அத்துடன் வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பிரதியை வேறொரு பெட்டியில் திறந்து, ஏதாவது ஒரு பழைய கடிதத்தை வாசித்துப் பார்க்க வேண்டும். திறந்து பாராத பிரதி இருக்கிறதென்று எப்படிச் சொல்வது?

ஏற்பாடுகளைக் காகிதத்தில் எழுதி வைப்பதும் நல்லது. கணக்கின் பெயர், கடிதம் வரும் இடம், ஜிமெயிலானால் ‘ஐமேப்.ஜிமெயில்.காம்’, வாசல் எண் 993. கடிதம் போகும் இடம் ‘எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம்’, வாசல் எண் 465 அல்லது 587. பெட்டியைக் கடையில் கொடுக்கும்போது, ‘ஆப்டேட்டா’வையும் பிரதி எடுக்கும்படி ஒரு சீட்டில் எழுதி அதன் மேல் ஒட்டி அனுப்பலாம். பாஸ்வேர்டை மட்டும் அந்தச் சீட்டில் எழுத வேண்டாம்.